டைம் ஆபீஸ் ஜன்னல்

காலை ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் எர்ணாவூர் முழுசாக விழித்துவிடும். விம்கோ நகரில் மின்சார ரயிலை விட்டு இறங்கியவர்கள், எண்ணூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், சைக்கிள் கேரியரில் டிபன் பையைச் செருகிக்கொண்டு வந்தவர்கள் என எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார்கள். கேட்டைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படுவது மிஷினும் இல்லை, மேனேஜரும் இல்லை. கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பெயர் டைம் ஆபீஸ்.

ஜன்னலுக்கு வெளியே விரல் ரேகை மிஷின் இருக்கும். ஃபவுண்டரியில் பதினைந்து வருஷம் மணலிலும் சூட்டிலும் கிடந்தவரின் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். வலது கட்டைவிரல், அப்புறம் இடது, அப்புறம் ஆள்காட்டி விரல், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வலது. சிவப்பு விளக்குதான் எரியும். பின்னால் வரிசை நீளும். ஷிப்ட் ஆரம்பிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே இருப்பவர் தலையை நீட்டி டோக்கன் நம்பரைக் கேட்டு, ரிஜிஸ்டரில் கையால் எழுதிக்கொள்வார். அந்த ஒரு வரியை எழுத மறந்தால் மாசக் கடைசியில் அது ஆப்சென்ட். ஒரு நாள் சம்பளம் போகும், வருகைக்கான ஊக்கத்தொகையும் சேர்ந்து போகும். வேலைக்கு வந்து எட்டு மணி நேரம் வியர்வை சிந்தியவர், வந்தேன் என்று நிரூபிக்க நாலு பேரைப் பார்க்க வேண்டிவரும்.

மனிதவளத் துறை என்று இன்று சொல்லப்படும் வேலையின் அடிவேர் இந்த ஜன்னலில் இருக்கிறது. எச்.ஆர். என்றதும் ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடமும், இன்டர்வியூவுக்குப் போன் செய்யும் குரலும்தான் பலருக்கு நினைவு வரும். அதுவும் எச்.ஆர்.தான். ஆனால் வடசென்னையில் இந்த வேலைக்கு வேறு ஒரு கனம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் எச்.ஆர். என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது பர்சனல் டிபார்ட்மென்ட், அல்லது லேபர் ஆபீசர் ரூம். பேரன் மட்டும்தான் எச்.ஆர். என்கிறான்.

மூன்று தலைமுறை கம்பெனி கண்ட பகுதி இது. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார், அதுதான் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; பின்னால் அதுவே அசோக் லேலண்ட். 1955-ல் என்ஃபீல்டு வந்தது. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் ரயில் நிலையத்தில் தங்கியது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இங்கே நீண்டபோது அந்த ஸ்டேஷனுக்கும் அதே பெயர். இத்தனை கேட்டிலும் தாத்தா, அப்பா, மகன் என்று வரிசையில் நின்ற வீடுகள் எர்ணாவூரில் உண்டு.

ஆனால் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவர்களில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? இந்தக் கட்டுரை பேச வருவது அதைப் பற்றித்தான்.

எச்.ஆர். என்ற இந்தப் பதவி முதலாளிகளின் தாராள மனசில் பிறந்ததில்லை. எர்ணாவூரிலிருந்து சில மைல் தொலைவில், பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில், மதிய இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் கை கழுவி, சோறு தின்று, வரிசையில் நின்று திரும்பி வந்தாக வேண்டும். பத்து நிமிஷம் கூட்டி 40 நிமிஷமாக்குங்கள் என்பது தொழிலாளர்களின் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தேசிய இயக்கத் தலைவர் பி.பி. வாடியாவை அழைத்துவர, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. துணை நின்றார். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தினாலே வழக்கு வரும் என்ற அந்த நிலைமைதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1921-ல் அதே ஆலையில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, சாவு. பத்து நிமிஷச் சோற்று இடைவேளையைக் கேட்க ஒரு காது அந்த ஆலைக்குள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியாது.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். டேட்டன் நகரின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் 1901-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்த பிறகுதான், தொழிலாளர் குறைகளைக் கேட்கத் தனி இலாகா ஒன்றை அந்தக் கம்பெனி வைத்தது.

அன்றைய இந்தியத் தொழிற்சாலைகளில் ஆள் எடுப்பதும், ஆளை அனுப்புவதும் மேஸ்திரி கையில். வேலை வேண்டுமென்றால் மேஸ்திரிக்கு மாமூல், லீவு வேண்டுமென்றாலும் மாமூல். தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-ல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இதைக் கண்டித்து, ஆள் சேர்க்கும் வேலையை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசரிடம் கொடுங்கள் என்றது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன். 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம். அந்த நல அலுவலர், தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளக் கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராக லேபர் கோர்ட்டில் நிற்கக் கூடாது என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்லின. சம்பளம் கம்பெனி கொடுக்கும், ஆனால் மனசாட்சியைச் சட்டம் காப்பாற்றும் என்ற அபூர்வமான ஏற்பாடு. இந்தத் துறைக்கு வர நினைக்கும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சரி, அன்றாடம் என்ன வேலை?

மாசம் பிறந்தால் சம்பளம். அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள் கையில் சேர வேண்டும். அதற்குள் வருகைப் பதிவு, ஓ.டி., லீவு, அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் சரிபார்க்க வேண்டும். 18,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.க்கு அவரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், 135 ரூபாய். கம்பெனி போடுவது 3.25 சதவீதம், 585 ரூபாய். ஆக மொத்தம் 720. சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு நாள் நெஞ்சு வலி வந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அந்த 720 ரூபாய் மாசாமாசம் சரியான நம்பரில் கட்டப்பட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கு சம்பளத்தில் 70 சதவீதம் என்ற கணக்கில் வருஷத்துக்கு 91 நாள் வரை பணம் வரும். கட்டாமல் விட்டால் கடன்காரன் வீட்டு வாசலில் நிற்பான்.

பி.எஃப். கதை இன்னும் நுணுக்கமானது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரே முழுசாக இருக்கும். கம்பெனியில் சேர்ந்த அன்று அவசரத்தில் அடித்த பெயர் ஒன்று. முப்பது வருஷம் கழித்து ரிட்டயர் ஆகிற அன்று இந்த நாலும் ஒத்துப்போகவில்லை என்று பணம் நின்றுவிடும். பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டு, பி.எஃப். ஆபீசுக்கும் கம்பெனிக்கும் நடையாக நடக்கும் அப்பாக்களை இந்தப் பகுதி நிறையப் பார்த்திருக்கிறது. ஆள் சேருகிற நாளில் பத்து நிமிஷம் உட்கார்ந்து நாலு காகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் இளம் எச்.ஆர். ஊழியர், முப்பது வருஷம் தள்ளி வரும் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றுகிறார்.

இதற்கு மேல் கிராஜுவிட்டி, போனஸ், லீவுக் கணக்கு. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. தீபாவளிக்கு முன்னால் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே எங்கே நிற்பது என்பதுதான் பேச்சுவார்த்தை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். அது சுவரில் ஒட்டிய நோட்டீஸோடு நிற்கிறதா, இல்லை, ஒரு பெண் பயமில்லாமல் கதவைத் தட்டக்கூடிய ஆள் அங்கே இருக்கிறாரா என்பதும் எச்.ஆர். கையில்தான் இருக்கிறது.

கஷ்டமான பகுதி ஒழுங்கு நடவடிக்கை. ஷோ காஸ், சார்ஜ் ஷீட், டொமஸ்டிக் என்கொயரி என்று வரிசையாகப் போகும். சஸ்பெண்ட் ஆனவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம் என்பது 1981-ன் தமிழ்நாட்டுச் சட்டம். இதிலும் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை ஒரு பாடம் வைத்திருக்கிறது. எட்டு வேலை நாள் சொல்லாமல் லீவு போட்டால் வேலையை விட்டுப் போனதாகவே கொள்ளப்படும் என்ற நிலையாணையை, அதாவது ஆலையின் பணி விதியை, காட்டி ஒரு தொழிலாளியை ஆலை நீக்கியது. அவரிடம் இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று இருந்தது. ஆனாலும் 1963-ல் உச்ச நீதிமன்றம் ஆலை பக்கம் தீர்ப்பு சொன்னது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 1993-ல், டி.கே. யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, தொழிலாளி சொல்வதைக் கேட்காமல் பெயரை அடிக்கக் கூடாது, வேலை என்பது வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்றது.

இந்தத் தீர்ப்பை எர்ணாவூரில் வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் பரவியது. எர்ணாவூர் வீடுகளுக்குள் சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. பாத்திரம், துணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதே மாசம் 26-ம் தேதி நள்ளிரவு எண்ணூரில் அமோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த மாசத்தில் வேலைக்கு வராத ஒருவரின் பெயர் கம்ப்யூட்டரில் சிவப்பாகத்தான் தெரிந்திருக்கும். அந்தச் சிவப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது, அந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவர் எச்.ஆர். நாற்காலியில் இருந்தால் சொல்லாமலே தெரியும். வெளியூரிலிருந்து வந்தவரும் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விசாரிக்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

அடுத்தது ஐ.ஆர்., அதாவது தொழில் உறவு. சங்கத்தோடு பேசுவது. இங்கே 12(3) என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, சமரச அதிகாரி முன்னால் போடும் ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவர்களையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. 18(1) என்றால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். சம்பள ஒப்பந்தம் முடியும் வருஷம் வந்துவிட்டால் டீக்கடையில் கூட இந்த இரண்டு எண்கள்தான் அடிபடும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து தேய்ந்த செருப்புகள், தொழிலாளர் பக்கமும் உண்டு, நிர்வாகத்தின் பக்கமும் உண்டு.

பேச ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சாம்சங் ஆலையில் தமிழ்நாடு பார்த்தது. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. நடுவில் நின்ற பெரிய கேள்வி, சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிப்பதா இல்லையா என்பது. 1918-ல் பெரம்பூரில் கேட்ட அதே கேள்வி. அமைச்சர்கள் உட்கார்ந்து பேசித்தான் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. ஓர் ஆலைக்குள் தீர வேண்டிய பேச்சு அமைச்சர் அறை வரை போனால், அந்த ஆலையின் மனிதவளத் துறை தன் வேலையின் மிக முக்கியமான பகுதியைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது சட்டமும் மாறுகிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. தொழிலாளர்களில் 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதுவே பேசும் சங்கம். வேலைக்கு எடுக்கும் எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். நல அலுவலர் வைக்க வேண்டிய தொழிலாளர் எண்ணிக்கை வரம்பு 500-லிருந்து 250 ஆக இறங்கியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கும் ஆட்குறைப்புக்கும் போட்ட விதிகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நல அலுவலருக்கான வரம்பு இறங்கியது நல்லது. அதை நேர்மையாக அமல்படுத்தினால் இந்தப் படிப்புப் படித்தவர்களின் தேவை கூடும்.

வடசென்னையின் பெரிய காயம் கான்ட்ராக்ட் வேலை. 24 மாசத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981 முதல் சட்டம் இருக்கிறது. அந்த 480 நாளை நிரூபிக்க வேண்டிய இடத்தில் டைம் ஆபீஸ் ரிஜிஸ்டர்தான் சாட்சி. கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும் என்பது 1970 கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது; புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து எண்ணூரில் வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது? 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். அப்படி ஒரு நாளில் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். எந்த ஊர், வீட்டில் யாருக்குப் போன் செய்வது, நாமினி யார், இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறதா. இவையெல்லாம் எழுதப்பட வேண்டிய நாள், அந்த ஆள் முதல்முதலாக ஹெல்மெட் மாட்டிய நாள். உயிரோடு இருக்கும்போது ஒருவரின் விவரத்தைச் சரியாக எழுதி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

அதனால்தான் இன்று எண்ணூர் பக்கம் ஒரு எச்.ஆர். வேலைக்குச் சட்டமும் எக்செலும் மட்டும் போதாது. கொஞ்சம் இந்தி பேச வேண்டும். மீனவர் குப்பத்துத் தமிழும் புரிய வேண்டும். சங்கத் தலைவர் குரலை உயர்த்தும்போது பதறாமல் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் பாதி பிறவியிலேயே வந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குப் படிப்பு இருக்கிறது, அதுவும் கிட்டத்திலேயே இருக்கிறது.

மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் மனிதவள மேலாண்மை முதுகலை உண்டு. லயோலாவில் சமூகப்பணி முதுகலை உண்டு. ஆனால் செலவு குறைவாக, நேராக இந்த வேலைக்கென்றே படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அம்பத்தூரில் இருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். மாநிலத் தொழிலாளர் நலத்துறை நடத்துவது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பி.ஏ. தொழிலாளர் மேலாண்மை, அதன்மேல் எம்.ஏ., ஏற்கெனவே பட்டம் வாங்கி வேலையில் இருப்பவர்களுக்கு மாலை நேரத்தில் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயம். தொழிற்சாலை நல அலுவலர் பதவிக்குச் சட்டப்படி ஏற்கப்பட்ட தகுதிகள் இவை. டைம் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தவர், மாலையில் இந்தப் பட்டயத்தைப் படித்து, எச்.ஆர். எக்சிகியூட்டிவ், பிறகு ஐ.ஆர். மேனேஜர் என்று ஏறும் வழி திறந்தே இருக்கிறது.

எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பேச்சு இன்ஜினீயரிங், பி.காம்., ஐ.டி.ஐ. என்ற மூன்றுக்குள் சுற்றி முடிந்துவிடுகிறது. நாலாவதாக இதையும் சேர்த்துப் பேசுங்கள். குறிப்பாக அப்பா கான்ட்ராக்டில் இருக்கும் வீடுகளில், பி.எஃப். பணத்துக்கு நடந்து களைத்த வீடுகளில். அரசு நிலையத்தின் விண்ணப்ப அறிவிப்பு ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி நாளிதழ்களில் வரும். பார்த்ததும் கத்தரித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று கொடுங்கள்.